சிவப்பு மெழுகு

முதல் வேலையாகச் சம்மட்டியை ஒளித்துவிட வேண்டும் என்று தோன்றியது பனா கசூபாவுக்கு. அப்பா காலத்துச் சுரங்கச் சம்மட்டி அது. தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தபடி எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடக்கிறது. அதிகாரி கண்ணில் பட்டால், நாங்களே இடிக்கத் தயாராய் நிற்பதுபோல் ஆகிவிடாதா?

"கலும்பா, பீடத்துக்குப் பின்னாடி தள்ளுடி அதை. மேல ஒரு துணியும் போடு."

மகளிர் சங்கத்தின் இளையவள் கலும்பா முனகிக்கொண்டே தூக்கிப் போனாள். காலையிலிருந்து முட்டிபோட்டுத் தரை தேய்த்ததில் அவள் கையெல்லாம் சிவப்பு மெழுகு. விருந்தாளி வரும் நாளில் தரை பளபளக்காவிட்டால் எங்கள் சுரங்க ஊரில் ஒரு பெண் வெளியே தலைகாட்ட முடியாது.

வருவதும் லேசுப்பட்ட விருந்தாளி இல்லை. பழைய கட்டடங்களைக் காக்கும் துறையின் அதிகாரி சிமுக்கொண்டா, தலைநகர் லுசாக்காவிலிருந்து வருகிறார். இந்தக் கான்கிரீட் தேவாலயத்தை இடித்துவிட்டு இடத்தை அங்காடிக்காரர்களுக்கு விற்பதென்று சபைப் பெரியவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். காக்க வேண்டிய கட்டடம் என்று அவர் எழுதினால் பிழைக்கும். இல்லையென்றால் புல்டோசர்தான். பனா கசூபாவின் ஞானஸ்நானம், கல்யாணம், கணவனுக்குக் கடைசி ஜெபம் எல்லாமே இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தன.

முறத்தைக் கவிழ்த்த மாதிரி தூணே இல்லாமல் நிற்கும் அந்தக் கூரையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அதைப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து போகிறார்கள். அவளை அரித்தது தரைதான். நடுவே குறுக்காக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, கொத்திக் குதறிய ஒரு வடு. அந்தக் காலத்தில் அவள் அம்மாவும் கூட்டாளிகளும் ஆத்திரத்தில் செய்த காரியம். நேர்த்தி எங்கிருந்து வரும்? போன வாரம் மகளிர் சங்கமே சிமெண்டு குழைத்து மேலாகப் பூசி மறைத்துவிட்டது.

கார் வந்து நின்றது. பெரிய கதவைத் திறந்துவைத்துப் பாடகர் குழு காத்திருந்தது. அதிகாரியோ கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைக்காரர் காலத்தில் வேலையாட்கள் நுழைந்த பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார். வந்த வேகத்தில் மெழுகில் வழுக்கி, கலும்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மேல கூரையைப் பாருங்க" என்றாள் பனா கசூபா.

அவர் நிமிரவே இல்லை. குனிந்த தலையோடு பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். தரை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று கலும்பா கண் சிமிட்டினாள். பனா கசூபாவின் கண்கள் புதுப் பூச்சின் ஓரங்களைத் தேடின. வடு எங்காவது தலைகாட்டுகிறதோ?

வண்ணக் கண்ணாடிகளைக் காட்டினாள். பாடினால் குரல் சுழன்று வருவதைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்" தான். வறுத்த நிலக்கடலைத் தட்டை நீட்டினாள். அவர் கை படவில்லை.

"தரையை எப்போ பூசினீங்க?"

"போன வாரம்தாங்க ஐயா. ஒரே அசிங்கமா இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னுதான்..."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இதே மாதிரி கூரை நாட்டுல இன்னும் நாலு சர்ச்சுக்கு இருக்கும்மா. அதை வெச்சு நான் எதையும் காப்பாத்த முடியாது. முன்னாடி வெள்ளைக்காரங்க, பின்னாடி நம்ம ஜனங்கன்னு இங்க குறுக்குச் சுவர் ஒண்ணு இருந்துச்சு. சுதந்திரம் வந்த வாரம் இந்த ஊர்ப் பொம்பளைங்க சம்மட்டி எடுத்து அதை உடைச்சாங்க. அந்தத் தழும்பு இங்க மட்டும்தான் இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

பனா கசூபா பளபளக்கும் தரையைப் பார்த்தாள். அம்மாவின் காய்த்துப்போன கைகள் நினைவுக்கு வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கலும்பா, அந்தச் சம்மட்டியை எடுத்துட்டு வாடி."