கடைசிச் சுற்று

“என்னப்பா, பிள்ளை நடுவில எல்லோ ஓடினவள். இப்ப ஏன் கடைசியில வாறாள்?”

மனோன்மணி கணவர் கனகரத்தினத்தின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள். கைத்தொலைபேசியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதன் சைக்கிளோட்டத்தில் இன்று அவர்களுடைய மகள் லக்சிகா. உயிலங்குளம் ஊரில் போன் சிக்னல் வழமைபோல் காலை வாரிவிட்டது. ஐந்து நிமிடம் படம் அப்படியே நின்றுபோய்த் திரும்ப வந்தபோது, வட்டப் பாதையில் அவள் கூட்டத்தின் வாலில் இருந்தாள். வர்ணனையோ தலைகால் புரியாத பாஷை.

“களைச்சுப்போனாளோ?”

“அவளோ? மன்னார்ப் பாலத்தில எதிர்காத்துக்கு ஓடிப் பழகினவள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

முன்னால் போனவர்கள் எழும்பி நின்று உயிரைக் கொடுத்து மிதித்தார்கள். இவள் மட்டும் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி ஆறுதலாய் வந்தாள்.

போகும்போது தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவள். “பதக்கம் இல்லாட்டி சைக்கிளை விட்டுடுறனம்மா. லண்டன் மாப்பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ.” கலியாணத்துக்குப் பிறகு பந்தயம் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவாய்ச் சொல்லியிருந்தார்கள். இன்றைக்குள் பதிலும் கேட்டிருந்தார்கள்.

“ஒருவேளை அவளுக்கே கலியாணத்தில விருப்பம் வந்திட்டுதோ?” மனோன்மணியின் முகம் மலர்ந்தது.

மணி அடித்தார்கள். கடைசிச் சுற்று. முடிவுக் கோட்டைக் கடைசி ஆளாய்க் கடந்த லக்சிகா ஒரு கையை உயர்த்தி அசைத்தாள். படம் திரும்பவும் நின்றுவிட்டது.

“ஏனப்பா கையைக் காட்டுறாள்?”

“சைக்கிளுக்குப் போயிட்டு வாறன் எண்டு சொல்லுறாள் போல.” கனகரத்தினம் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பதக்கத்தில் மகளைவிட அவருக்குத்தான் ஆசை. “குடுத்த வாக்கு வாக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சொல்லு.”

மனோன்மணி தன் போனுடன் அறைக்குள் போனாள். “ஓம், எங்களுக்குச் சம்மதம். பிள்ளைக்கும் சம்மதம்தான்” என்று அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வது வெளியே கேட்டது. அப்போது அவருடைய போன் அடித்தது.

லக்சிகா அழுதுகொண்டிருந்தாள்.

“அழாதை பிள்ளை. கடைசியாய் வந்தால் என்ன?”

“கடைசியோ? நீங்கள் படம் பார்க்கேல்லையோ அப்பா? எல்லாரையும் ஒரு முழுச் சுற்று முந்திப்போட்டு, அவையின்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். தங்கம் அப்பா. லண்டனுக்கு மாட்டன் எண்டு சொல்லச் சொல்லி அம்மாட்டச் சொல்லுங்கோ.”