பதினோரு தடவை தொட்டவர்

பேராசிரியர் வேலையை உதறிவிட்டு செல்போன் ஆப்புக்குத் திரை வடிவமைக்க வந்தவரைப் பார்த்து ஆபீஸே வாய்க்குள் சிரித்துக்கொண்டது.

"பதினெட்டு வருஷம் பாடம் நடத்திட்டு, இங்க வந்து பட்டன் வரையறீங்களே சார்!" என்றான் டீம் லீடர்.

அவர் சிரித்துவைத்தார். ஆம்புலன்ஸ் ஆப்பில் வெறும் அலங்காரமாக இருந்த வண்டிப் படத்தைத் தொட்டாலும் அழைப்பு போகும்படி மாற்றியிருந்தார்.

"கீழேயே பட்டன் இருக்கு. படத்தை யாரு சார் தொடுவாங்க?"

"ஒருத்தர் பதினோரு தடவை தொட்டிருக்காங்க. ஆப்போட பழைய பதிவுல இருக்கு."

"யாரு சார் அந்த அறிவாளி? கூப்பிடுங்க, நேர்லயே கேட்டுடலாம்."

"கேட்க முடியாதுப்பா. முதல்ல எனக்குத்தான் போன் பண்ணியிருக்கா. கிளாஸ் நடக்குதுன்னு நான் அணைச்சு வெச்சிருந்தேன். அப்புறம்தான் அந்தப் படத்தைத் தொட்டிருக்கா, என் வீட்டுக்காரி."