கரன்ட் போன ஏழு நிமிடம்

இருநூற்றுப் பதின்மூன்றாவது படம் கறுப்பு.

அதற்கு முந்தைய படத்தில் ஒரு கருவின் இரண்டு செல்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த படத்திலும் இரண்டு செல்கள். இடையில் ஏழு நிமிடம் கரன்ட் போய்விட்டது.

கரன்ட் போன ஏழு நிமிடத்தில் அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரியாதவளா, இந்தப் படங்களைப் பார்த்து எழுதுகிற அவள்?

தெரியும். அன்றைக்கு அவசரம். இடதுபுறம் நின்றவள்தான் இடதுபுறம் நிற்கிறாள் என்று மௌஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

அது நடந்து இரண்டு வருடம்.

ஒரு கடற்புழுவின் கரு அது. வளையம் வளையமாக உடம்பு, வளையத்துக்கு வளையம் கால் வைத்த புழு. முதலில் ஒரு செல். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒவ்வொன்றும் யாருக்குப் பிறந்தது, யாரைப் பெற்றது, எந்த மூலையில் போய்க் குடியேறியது என்று ஏழு நிமிடத்துக்கு ஒரு படமாகப் பார்த்து எழுதுவது அவள் வேலை. தூத்துக்குடியில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஆய்வகத்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பிறப்பை நோண்டினால் டாக்டர் பட்டம் தருகிறார்கள்.

குழாயடியில் அதையே செய்தால் வேறு பட்டம்.

அந்த இரண்டு செல்களில் இடதுபுறம் நின்றவள் கொஞ்சம் விசேஷமானவள். புழு வளர்ந்து பெரிதானபின் அதன் முட்டைகள் அவள் வழியில்தான் வரவேண்டும். அதுவரை பிரியாமல், பெருகாமல், மூலையில் சும்மா இருப்பாள் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது.

சும்மா இருக்கவில்லை என்று எழுதியவள் இவள்.

இரண்டு மகள் செல்கள். படத்தோடு எழுதினாள். ஒரே கருவில், ஒரே தடவை. ஒன்று போதும் என்றார் வழிகாட்டி பொன்சேகர் சார். போன மாதம் கோவாவில் மேடையேறி அதைச் சொன்னார். கைதட்டு வாங்கினார். வரும்போது எல்லாருக்கும் முந்திரிப்பருப்பு வாங்கிவந்தார்.

ஆய்வேட்டின் தலைப்பே அந்த இரண்டு மகள்கள்தான். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

இன்று வெள்ளி. கடைசியாக ஒருமுறை என்று படங்களை மெதுவாக ஓட்டியவள் கண்ணில்தான் அது பட்டது. கறுப்புக்கு முன்னால் இடதுபுறத்தவள் இடுப்பில் இருந்த சின்னப் புள்ளி, கறுப்புக்குப் பின்னால் வலதுபுறத்தவள் இடுப்பில் இருக்கிறது.

தூசியாக இருக்கலாம்.

திரையைத் துடைத்தாள். புள்ளி போகவில்லை.

மத்தியானம் மூன்று மணி. அங்கே வேறு ஆள் இல்லை, அமலி அக்காவைத் தவிர. தொட்டிப் புழுக்களுக்குக் கீரை நறுக்கிப் போடுகிறவள். யார் யாரோடு எந்த பைக்கில் போனார் என்பதை மொட்டைமாடியில் நின்று, உச்சந்தலையை மட்டும் பார்த்தே சொல்லிவிடுவாள். இதுவரை தப்பியதில்லை என்று கேள்வி.

கூப்பிட்டாள்.

எதையும் விளக்கவில்லை. விளக்கினால் பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று அக்கா பதிலை மாற்றிவிடுவாள். இவள் மேல் மட்டும் ஒரு கண் வையுங்கள் என்று இடதுபுறத்தவளைக் காட்டி ஓட்டினாள். அக்கா தப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வேண்டுதலும் ஓடியது.

கறுப்பு வந்து போனது. மகள்கள் பிறந்தார்கள். படம் நின்றது.

அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டாள்.

மூன்றாவது தடவை அக்கா கையிலிருந்த கீரைத் தண்டால் திரையைத் தொட்டாள்.

"இவ எங்க பிள்ள போனா? இந்தா, மூலையிலதான இருக்கா. பெத்தது பக்கத்து வீட்டுக்காரியில்லா!"

தண்டு தொட்ட இடத்தில் ஒரு சொட்டு ஈரம். அதற்கு அடியில் அந்தப் புள்ளி.

ஒரு பாவமும் அறியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள் தலையில் இரண்டு பிள்ளைகளைக் கட்டியாயிற்று. கோவா வரைக்கும் பேசியும் ஆயிற்று.

மௌஸை அழுத்தினாள். கணினி கேட்டது. இவ்விரு செல்களையும் வேறு தாய்க்கு மாற்றலாமா?

மாற்றினால் ஆறு வருட உழைப்பில் மிஞ்சுவது எல்லாப் புத்தகத்திலும் ஏற்கனவே இருப்பதுதான். திங்கட்கிழமையும் போகும். சார் முகத்தில் விழிக்கவும் வேண்டும்.

மாற்றாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? புழு வந்து கேட்குமா?

அக்கா திரும்பவும் கீரை நறுக்கப் போய்விட்டாள்.

ஆம்.

திரையில் இருந்த வம்ச மரத்தில் மகள்கள் இருவரும் கோட்டோடு சத்தமில்லாமல் நகர்ந்து பக்கத்து வீட்டில் போய் ஒட்டிக்கொண்டார்கள்.

அடியில் ஒரு கட்டம். சரிபார்த்தவர். இரண்டு வருடமாக அதில் சாரின் பெயர். சார் இந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. என் பெயரைப் போட்டுக்கொள் என்றார், போட்டுக்கொண்டாள்.

அழித்தாள்.

அமலி என்று அடித்து, அதோடு நின்றாள். ஆறு வருடமாக அக்காவோடு ஒரே டப்பாவிலிருந்து மீன் துண்டு எடுத்துத் தின்கிறாள். இனிஷியல்கூடத் தெரியாது.

"அக்கா, உங்க முழுப் பேரு என்ன?"

கத்தி நின்றது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியே, பிள்ள."