மிச்சப் பாதி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளலாம். சின்னக் கதைதான், குவளையில் ஊற்றின வெந்நீர் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

"ஒத்தைக் கத்தியோட!" என்று காலை ஏழு மணிக்கே கத்தினாள் பெய் வான்ரூ. கீழ்வீட்டு ஹாவ் அக்கா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள்.

"டீச்சர், இன்னைக்கு யாரைக் கொல்றீங்க?"

"என் புருஷனைத்தான். நீங்க கஞ்சியைப் பாருங்க, அடிபிடிக்கிற வாசம் இங்க வரைக்கும் வருது."

கொலை ஒன்றும் இல்லை, பாடம்தான். துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் குழல் கடைந்தவர் அவள் புருஷன் கெங் தெஷுன். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து, வலது கை காலோடு பேச்சும் போய்விட்டது.

சொந்தமாக ஒரு சொல் வராது. ஆனால் சின்ன வயதில் மனப்பாடமான சீனப் பழந்தொடர்களின் முதல் பாதியை யாராவது எடுத்துக் கொடுத்தால், மிச்சப் பாதி தானாக வாயில் வந்து விழுந்தது. பள்ளியில் மொழிப்பாடம் எடுத்தவள் விடுவாளா? சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். இடப்பக்கம் கை வருகிற தொடர்கள், வலப்பக்கம் ஆயுதம் வருகிற தொடர்கள். வரிக்கு ஒரு ஜோடியாக மூன்று வரி.

"ஒத்தைக் கத்தியோட..."

"விருந்துக்குப் போனான்."

"கும்பிடுபூச்சிக் கை..."

"வண்டியை மறிச்சுது."

"மூணு தலை..."

"ஆறு கை."

"உதட்டுல ஈட்டி..."

"நாக்குல வாள்."

மிச்சம் இரண்டையும் சேர்த்து ஆறும் சரியாக வந்தன. வான்ரூ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து மாதமாக, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவர் இடுப்பில் துணிப்பட்டையைச் சுற்றித் தூக்கி உட்கார வைக்கிறாள், இறக்குகிறாள், திருப்பிப் படுக்க வைக்கிறாள். உடம்பில் அசதி இல்லாத இடம் இல்லை.

பிறகு எழுந்து, சீப்பை இடது கையில் பிடித்து, கோணல்மாணலாகத் தலை வாரிக்கொண்டாள். கெங் அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பார்வை? இன்னைக்கு மட்டும் சொதப்பிடாதய்யா. உன் மக விண்ணப்பம் போட்டு வெச்சிருக்கா. சோதிக்க வர்றவங்க பேச்சு வரலேன்னு எழுதிட்டாங்கன்னா ஆத்துக்கு அக்கரையில முதியோர் இல்லம்தான். வந்துச்சுன்னா இந்த வீடு, இந்தக் கட்டில், இந்தச் சண்டைக்காரி."

ஒன்பது மணிக்கு, தெரு அலுவலகத்திலிருந்து தோங் என்ற பெண் படிவத்தோடு வந்தாள்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

வான்ரூ குறுக்கே புகுந்தாள்.

"இந்தத் தாள்ல இருக்கறதைக் கேளும்மா. சொல்லுவாரு. காலையில ஆறும் சொன்னாரு."

"மூணு சரியாச் சொன்னாப் போதும், டீச்சர். வீட்டுலேயே இருக்கலாம்னு எழுதிடறேன்." தோங் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒத்தைக் கத்தியோட..."

"வண்டியை மறிச்சுது," என்றார் கெங்.

வான்ரூ கட்டிலருகே நகர்ந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கும்பிடுபூச்சிக் கை..."

"விருந்துக்குப் போனான்."

தோங் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மூணு தலை..."

"நாக்குல வாள்."

"உதட்டுல ஈட்டி..."

"ஆறு கை."

மிச்சம் இரண்டையும் அப்படியே கெடுத்தார். தோங் படிவத்தில் கோடு கிழித்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"திங்கட்கிழமை காலையில வண்டி வரும், டீச்சர். ஜன்னலோரப் படுக்கையாக் கேக்கறேன். மனசைத் தேத்திக்குங்க."

கதவு சாத்தியதும் வான்ரூ வெடித்தாள். "ஏன்யா! ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை சொல்லும், அது உனக்கு வரலையா? என் அஞ்சு மாசத் தொண்டைத் தண்ணியை ஒரே நிமிஷத்துல கொட்டிட்டியே!"

கெங் தலை குனிந்துகொண்டார். அவள் தாளை எடுத்துச் சுவரில் திரும்ப ஒட்டப் போனாள். வலது கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. அவரைத் தூக்கித் தூக்கி அது அப்படியாகி இரண்டு மாதம் ஆகிறது, மகளிடம்கூடச் சொல்லவில்லை. இடது கையால் அழுத்தி ஒட்டும்போது, கண் தானாக முதல் வரியில் ஓடியது.

இடப்பக்கம் கும்பிடுபூச்சி. நேர் எதிரே ஒற்றைக் கத்தி.

அடுத்த வரியில் மூன்று தலை. நேர் எதிரே உதட்டு ஈட்டி.

கைத்தொடர் கேட்டபோது அதே வரி ஆயுதத்தொடரின் பாதியைச் சொல்லியிருந்தார், ஆயுதத்தொடருக்குக் கைத்தொடரின் பாதியை. ஆறிலும் வரி பிசகவில்லை. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவள் அவள். தெரியாமல் செய்த தப்பு எது, பார்த்துப் பார்த்துச் செய்த தப்பு எது என்று அவளுக்கா தெரியாது?

மெல்லத் திரும்பினாள்.

கெங் தன் நல்ல கையால் சீப்பை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். கண் அவளுடைய தொங்கிய வலது தோளில் இருந்தது. யாரும் முதல் பாதி எடுத்துக் கொடுக்காமலே, ஐந்து மாதத்தில் முதன்முதலாக, சொந்தமாகப் பேசினார்.

"உன் கை ஓய்வெடுக்கட்டும், டீச்சர்."

உங்கள் வீட்டில் தூக்கிவிடுகிற கையும், அதைப் பிடித்து எழுகிற கையும் நோவில்லாமல் நெடுங்காலம் இருக்கட்டும், கண்ணுகளா.