ரெண்டு நம்பர் மாப்பிள்ளை

“இன்னிக்கு ஒரு பந்தைக்கூட வேணும்னே தவற விடக் கூடாது. விளங்குதா மாப்ளே?”

பந்தை அடிக்கும் கியூ கோலின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டே மாமனார் காதோரம் கிசுகிசுத்தார். மாப்பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்துப் போயிருந்தது. பேன்ட்டில் துடைத்தார், திரும்பவும் வியர்த்தது.

டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்த பூல் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் லீக்கின் இறுதிப் போட்டி; ரெண்டு டீமும் சமமாக நிற்க, கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி மேட்ச். இந்த லீக்கில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு, ரெண்டிலிருந்து ஏழு வரை. உங்கள் நம்பர் எத்தனையோ, அத்தனை ஆட்டம் நீங்கள் ஜெயித்தாக வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க நம்பர் ஏறும், தோற்கத் தோற்க இறங்கும். கெட்டிக்காரனும் கத்துக்குட்டியும் சரிசமமாக மோதட்டும் என்று யாரோ நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. பெயின்ட் கடை நடத்தும், டீமுக்குக் கேப்டனான நம்ம மாமனாரின் மூளை அதற்குள் புகும் என்று அந்த நல்லவர் கண்டாரா?

மாப்பிள்ளையின் நம்பர் ரெண்டு. சீசன் முழுக்கத் தோல்வி மேல் தோல்வி. எதிரே நிற்கும் தையல்காரரின் நம்பர் ஏழு. அவர் ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும்; இவர் ரெண்டே ரெண்டு ஜெயித்தால் கோப்பை.

“எட்டு மாசம்! ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்துச்சா? காலேஜ் சாம்பியன்னா சும்மாவா!” மாமனாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

கல்யாணம் பேசப் போன அன்று, ‘காலேஜ்ல நான்தான் சாம்பியன்’ என்று மாப்பிள்ளை சொன்னதும் குளிர்ந்துபோன மனுஷன் அவர். லீக்கில் முதல் மேட்ச் தோற்றபோது ஓடி வந்து முதுகில் தட்டினார். “வேணும்னே தோத்து நம்பரை இறக்கற என் திட்டத்தை நான் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டீங்களே!” என்று கண்ணடித்தார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. மாமனார் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

“மாமா, மனசு உறுத்துது. இது பெரிய பாவம். எனக்குப் பதிலா வேற யாரையாவது இறக்குங்களேன்.”

“பாவத்துல பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. கோப்பை மட்டும் முழுசா வரட்டும்.” மாமனாரின் குரல் சட்டென்று இறங்கியது. “இந்த வருஷமும் தோத்தா கேப்டன் பதவியை விட்டுடறேன்னு டீம் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன் மாப்ளே. பதினோரு வருஷம். உங்களைத்தான் நம்பியிருக்கேன்.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஹாலைக் கூட்டும் அம்மா வாளியோடு கடந்து போனார். “தினம் காலையில இவரு தனியா வந்து ஆடுவாரு. ஒரு பந்தும் விழாது, பாவம்!”

“பார்த்தீங்களா, தோக்கறதுக்கும் பயிற்சி எடுத்திருக்கீங்க!” என்று மாமனார் காதுக்குள் சிரித்தார். “சொல்லவே இல்லையே, கள்ளன்!”

ஆட்டம் தொடங்கியது. ஒன்பதாம் பந்தைக் குழியில் தள்ளுகிறவருக்கு ஆட்டம். தையல்காரர் சட்டைக்குக் காஜா எடுப்பது போல அவசரமே இல்லாமல் ஒன்று, ரெண்டு, மூன்று என்று ஆறு ஆட்டத்தைச் சுருட்டிவிட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை அடித்த பந்து மூன்று பக்கம் முட்டி, ஒன்பதைத் தட்டி, அது குழியில் விழுந்தது. மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“ஆச்சரியப்படற மாதிரிகூட நடிக்கறாரே!” மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஆறுக்கு ஒன்று. அடுத்த ஆட்டத்தில் எட்டுப் பந்தும் போய் ஒன்பது மட்டும் மிச்சம். தையல்காரர் அடித்தது குழியின் வாய் வரை போய் நின்றுவிட்டது. வெள்ளைப் பந்திலிருந்து ஒரு சாண் தூரம், நேர்கோடு. பச்சைப்பிள்ளை ஊதினாலும் விழும். தையல்காரர் கியூவைச் சுவரில் சாத்திவிட்டுக் கை குலுக்கத் தயாராக நின்றார். ஸ்கோர் எழுதும் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

மாமனார் கிட்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “போதும் மாப்ளே வேஷம். உங்க நிஜ ஆட்டத்தைக் காட்டுங்க.”

மாப்பிள்ளை குனிந்தார். இந்த மனுஷனுக்காக, இந்த ஒரு தடவை, கடவுளே! அடித்தார்.

ஒன்பதாம் பந்து குழியின் விளிம்பில் முட்டி, திரும்பி உருண்டு, மேசை நடுவில் வந்து சாவகாசமாக நின்றது.

தையல்காரர் தயங்கியபடியே கியூவை எடுத்தார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். கோப்பை அந்தப் பக்கம் போய்விட்டது. டீம்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

மாமனார் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நிஜ ஆட்டத்தைக் காட்டச் சொன்னேனே மாப்ளே...”

மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் முட்டியது. கியூவை ரெண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

“எட்டு மாசமா அதைத்தான் மாமா காட்டிக்கிட்டிருக்கேன்!”