வேணியின் கட்டங்கள்

"இந்த வாரமும் கை வச்சுட்டாருடி உங்க வூட்டுக்காரரு!"

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை ஆனந்தமேரியின் மடியில் போட்டாள் கமலவேணி. குறுக்கெழுத்துக் கட்டத்தில் ஏகப்பட்டது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அதுவும் எழுத்தா அது? கோழி கிளறிய மாதிரி.

"நான் சொன்னா எங்க கேக்கறாரு, வேணி?" என்றபடி மேரி காப்பியை ஆற்றினாள்.

சாரம் பகுதியில் இருந்த அந்த வீட்டில் கீழே மேரி, மாடியில் வேணி. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பேப்பர்தான். காலையில் அது மேரி வீட்டு வாசலில் விழும். சாயங்காலம் சிநேகிதிகள் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே பென்சிலில் கட்டம் போடுவார்கள். இடமிருந்து வலம் மேரிக்கு. மேலிருந்து கீழ் வேணிக்கு. ஒருத்தி பங்கில் இன்னொருத்தி மூக்கை நுழைக்கக் கூடாது. பல வருஷமாக இதுதான் சட்டம்.

அந்த ஒரு மணி நேரம் வேணிக்குச் சொர்க்கம். கடல் காற்று மெல்லப் படியேறி வரும். வானம் ரோஸ் நிறமாகும். தெருச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வார்த்தைகள் தாமாக மிதந்து வரும்.

வந்துகொண்டிருந்தன, போன வருஷம் வரை.

போன வருஷம் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து எல்லோருக்கும் மூட்டைப் பிடித்தது. வேணிக்கு மூட்டோடு வார்த்தையையும் பிடித்துக்கொண்டது. நுனி நாக்கு வரை வரும், வெளியே வராது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை, மேரியிடம்கூட. கட்டம் போட முடிகிறவரை தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு தைரியம். அதில்தான் இந்த மனுஷன் மண்ணைப் போடுகிறார்!

மேரியின் புருஷன் லூர்துநாதன் பிரான்சில் வேலை பார்த்தவர். இத்தனை வருஷம் போனில் குரலாகவும், லீவில் விருந்தாளியாகவும் இருந்துவிட்டு, இந்தப் பொங்கலுக்குத்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். அதற்கப்புறம்தான் இந்தக் கட்டத் திருட்டு. காலையில் அவர் படியில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டுவதை வேணியே மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"உன் பங்கை மட்டும் தொடறதே இல்ல பாத்தியா? பொண்டாட்டி பங்குன்னா பயம். மாடி வூட்டுக்காரி பங்குன்னா இளக்காரம்!"

"நான் சொல்லிக்கறேன், நீ வுடு."

"நீ சொல்லிக் கிழிச்ச. நானே கேக்கறேன்."

வேணி விறுவிறுவென்று படியிறங்கினாள். லூர்துநாதன் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பேப்பர்ல என் பங்கை எதுக்கு நீங்க எழுதறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். வேணிக்குப் பின்னால் வந்து நின்ற மேரியைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"பர்தோன்... மன்னிச்சுக்கம்மா. இனிமே தொட மாட்டேன்."

"முழியே காட்டிக்குடுத்துடுச்சு பாரு!" என்று வெற்றியோடு படியேறினாள் வேணி. மேரி மெதுவாகப் பின்னால் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு, சொன்ன சொல் தவறாமல் கட்டம் பளிச்சென்று காலியாக வந்தது. வேணி பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

'கோடைத் தாகத்துக்குத் தென்னை தருவது. நான்கு எழுத்து.'

வேணிக்குச் சிரிப்பு வந்தது. சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே! பச்சைக் காய் கண்ணுக்குத் தெரிந்தது. பீச் ரோட்டில் அதைச் சீவுகிற அரிவாள் தெரிந்தது. தொண்டையில் இறங்கும் குளிர்ச்சி, வழித்துத் தின்னும் வழுக்கை எல்லாம் வந்தது. பேர் மட்டும் வரவில்லை.

சரி, அடுத்தது. அதுவும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. காற்று வந்தது, வானம் சிவந்தது, வார்த்தை வரவில்லை. மேரி பார்த்துவிட்டால்? மேரியோ தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தன் பங்கில் ஒன்றுகூட எழுதவில்லை.

"காப்பி ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வரேன்" என்று எழுந்து கீழே போனாள்.

வேணிக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அது உறைத்தது. இத்தனை வாரம் அந்த மனுஷன் எழுதி வைத்ததெல்லாம் இவளுக்கு வராத வார்த்தைகள். மிச்சம் விட்டதெல்லாம் இவளால் போட முடிந்தவை. எப்படியோ கண்டுபிடித்து, காட்டிக்கொள்ளாமல் உதவியிருக்கிறார். அந்த நல்ல மனுஷனைத்தானே திருடன் மாதிரி நிற்க வைத்தோம். பாழாப்போன வாய்!

கடைக்குப் போயிருந்த லூர்துநாதன் பையோடு வாசலில் நுழைந்தார். வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. முன்ன மாதிரியே... நீங்க எழுதி வச்சுடுங்க."

லூர்துநாதன் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்க எழுதினேன்மா? சின்ன வயசுலேர்ந்து படிச்சதெல்லாம் பிரெஞ்சு பள்ளிக்கூடம். பேப்பர்ல படம்தான் பாப்பேன். தமிழ்ல எனக்கு என் பேரைக்கூட எழுதத் தெரியாதும்மா."