மட்டையில் சுற்றிய கயிறு

"உக்காரக் கதிரை வேணும்னா நீங்களே போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்கம்மா. எனக்கு வேலை இருக்கு," என்றாள் கலாராணி.

தாய் இரத்தினம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தானே தூக்கி வந்தாள்.

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு அன்று வந்திருந்தவள் கலாராணியோடு கூடப் பிறந்த இரட்டை. மூன்று மாதக் குழந்தையாக நெதர்லாந்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவள். அங்கே அவள் பெயர் ஆனிக். நாற்பது வருஷம் கழித்து இவர்களைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல, கண்டியிலிருந்து றிஸானா என்ற வழிகாட்டி கூட வந்திருந்தாள்.

அதே நெற்றி, அதே மூக்கு. ஆனால் ஆனிக்கைப் பார்த்தால் முப்பது வயது சொல்லலாம். கலாராணியைப் பார்த்தால் ஐம்பது.

"ஆறு வயசில ஹொக்கி மட்டையைப் பிடிச்சாங்களாம்," றிஸானா சொன்னாள். "இருபது வயசில நாட்டு அணி. நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். நடுவில முழங்கால் போய் ஒரு வருஷம் விளையாட ஏலாம இருந்தாங்களாம். திரும்பி வந்துதான் இந்தப் பெட்டியில இருக்கிற மெடல் கிடைச்சதாம்."

"ஓடுற வேலைதானே?" என்றாள் கலாராணி. "நானும்தான் ஓடினேன். பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் நான்தான் முதல். பரிசு, குளிக்கிற சவர்க்காரம் வைக்கிற பெட்டி. அப்புறம் கொழுந்துக் கூடையோட மலை ஏறினேன். அதுக்கு யாரும் மெடல் குடுக்கல. அதையும் சொல்லுங்க."

றிஸானா பாதியைத்தான் சொன்னாள்.

"முழுசா சொல்லுங்க. ரெண்டு பேர்தான் பொறந்தோம். அம்மா ஏன் என்னை அனுப்பலைன்னு, விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வயிறு எரியுது. அதையும் விடாம சொல்லுங்க."

ஆனிக் தலைகுனிந்து கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து மெடலை எடுத்துக் கலாராணியின் கையில் வைத்தாள்.

கலாராணி அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் வைத்தாள்.

பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. சாயம் போன ஒரு கறுப்புக் கயிறு.

"அங்க போய்ச் சேரும்போது இடுப்பில இருந்ததாம்," என்றாள் றிஸானா. "இதை மட்டைப் பிடியில சுத்தி, மேல டேப் ஒட்டிட்டுத்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இறங்குவாங்களாம். அம்மா தனக்குன்னு கட்டிவிட்டது இது ஒன்னுதானேன்னு சொல்றாங்க."

"பாத்தீங்களா? கயிறுகூட அவளுக்குத்தான்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த இரத்தினம்மாவின் கை நின்றது.

"அது உன்னோட கயிறு, கலா."

கலாராணி திரும்பினாள்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. அடையாளத்துக்கு மூத்தவ உனக்கு மட்டும் கட்டியிருந்தேன். தத்துக்குப் பிள்ளை எடுக்க வந்த தரகர் ரெண்டையும் தூக்கிப் பாத்தாரு. 'கயிறு கட்டின பிள்ளையைக் குடு, மத்தது நோஞ்சான்'னுட்டுப் போனாரு. சின்னவளுக்கு மூச்சு இழுப்பு. இந்தக் குளிர்ல தாங்காதுன்னு தோட்டத்து டொக்டர் சொல்லியிருந்தாரு. கூட்டிட்டுப் போக வந்த அன்னைக்கு அவ நல்லாத் தூங்கிட்டு இருந்தா, இழுப்பு வெளிய தெரியல. கயிறை அவுத்து அவளுக்குக் கட்டிட்டேன்."

"அப்போ அது என் இடம்."

"உன் இடம்தான். நீ எங்கிட்ட இருந்தாலும் பிழைச்சிருவ. அவ பிழைச்சிருக்க மாட்டா."

ஆனிக் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"கயிறைப் பத்தி அம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கிறாங்க," என்றாள் றிஸானா. "முழுசா சொல்லட்டுமா?"

கலாராணி பெட்டியிலிருந்த கயிற்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் விரலில் சுற்றி வைத்திருந்தாள். பிறகு அவிழ்த்து ஆனிக்கின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அவளுக்குன்னே அம்மா கட்டிவிட்ட கயிறுதான்னு சொல்லுங்க."